பதினேழாம் நம்பர் டோக்கன்

என் அப்பாவை ஒரு மனிதர் வராந்தாவில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். அதற்குப் பதில் செய்ய ஒன்பது வருடம் காத்திருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில்தான் விமானங்களைப் பராமரிக்கும் இன்ஜினியரும் ஆனேன். எந்த ஆசையில் இந்தப் படிப்பைப் படித்து முடித்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு நேராகப் பதில் சொல்ல வராது.

எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில். அப்பாவுக்குக் காத்தாடி வேலை. காற்றாலைக்கு எங்கள் ஊரில் காத்தாடி என்றுதான் பெயர். கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் புகுந்து, போல்ட்டுகளை இறுக்கி, கிரீஸ் வைத்து இறங்க வேண்டும். ஒரு நாளில் மூன்று காத்தாடி ஏறுவார். பிளஸ் டூ முடித்ததும் நான் விமான மெயின்டனன்ஸ் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் சர்ச் சபையில் பலபேர் அம்மாவிடம், "பொம்பளப் பிள்ளைய நர்சிங்கில சேக்க வேண்டியதுதான? கல்ஃபுக்குப் போய்ப் பிழைச்சுக்கிடுவாளே" என்றார்கள். அப்பா மட்டும், "போல்ட்டு எங்க இருந்தாலும் போல்ட்டுதான். போ மக்கா" என்றார்.

நாகர்கோவிலைத் தாண்டி நாலு வழிச்சாலை ஓரமாக இருந்தது அந்தப் பயிற்சி நிறுவனம். காலையில் வகுப்பு. மதியத்துக்குப் பிறகு பட்டறை. பட்டறையின் நடுவில் ஒரு பழைய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் நின்றது. அது பறக்காது, ஆனால் இன்ஜின் ஓடும். முதல்முறை அதன் புரொப்பெல்லர் சுற்றி என் துப்பட்டாவை இழுத்த காற்றில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் செட்டில் முப்பத்திரண்டு பேர். பெண்கள் மூன்று பேர்.

பட்டறையில் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. சுவரில் மஞ்சள் பலகை இருக்கும். அதில் ஒவ்வொரு கருவியின் உருவமும் கறுப்பில் வரைந்திருக்கும், அந்த உருவத்தின் மேல் அந்தக் கருவி தொங்கும். நமக்கு ஆளுக்கு ஐந்து பித்தளை டோக்கன், நம்பர் போட்டது. ஒரு கருவியை எடுத்தால் அந்த இடத்தில் நம் டோக்கனை மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எண்ணுவார்கள். ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் குறைந்தாலும் விமானம் அசையக் கூடாது. கருவி விமானத்துக்குள் கிடந்து, பறக்கும்போது உருண்டு ஒரு கம்பியைத் தடுத்தால் உயிர் போகும். என்னுடைய நம்பர் பதினேழு.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தலைமைப் பயிற்றுநர். விமானப் பணியில் வருடக்கணக்காக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. வெளியூரில் இருந்து வந்தவர் என்பதால் எங்கள் பேச்சைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு. நான் "பைய இறுக்கணுமா சார்?" என்று கேட்டால், "பையில எதை இறுக்கப் போற?" என்பார். எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக என்று அர்த்தம். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அது வரைக்கும் அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இரண்டாம் வருடம், ஒருநாள், வெளியில் இருந்து பார்வையாளர்கள் வருவதாக இருந்ததால் வகுப்பு இல்லாமல் காலையிலேயே பட்டறையில் இருந்தோம். விமானத்தின் இடது இருக்கை ஆடிக்கொண்டிருந்தது. அவர் என் மேசைக்கு வந்து, "ஒரு டோக்கன் குடும்மா, என்னோடது மாடியில இருக்கு" என்றார். கொடுத்தேன். பலகைக்குப் போய் ஒரு பத்து மில்லிமீட்டர் ஸாக்கெட்டை எடுத்தார். நட்டின் தலையைக் கவ்வித் திருப்பும் சின்ன இரும்புக் குப்பி அது, விரலில் ஒரு கணு அளவுதான். என் டோக்கனை மாட்டிவிட்டு விமானத்துக்குள் ஏறி இருக்கையை இறுக்கினார். பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். அவர் குதித்து இறங்கிக் கைகுலுக்கப் போனார்.

சாயங்காலம் எண்ணும்போது ஸாக்கெட் இல்லை. வெறும் கறுப்பு உருவத்தின் மேல் என் டோக்கன் தொங்கியது. இரண்டு மணி நேரம் தரையைப் பெருக்கினோம், டிரேக்களைக் கவிழ்த்தோம், விமானத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

"பதினேழு யாரு?" என்றார்.

கையைத் தூக்கினேன். "சார், காலையில நீங்கதான் டோக்கன் வாங்கினீங்க."

"நானா?" என்று சிரித்தார்.

என் மேசையில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"டோக்கன் உன்னுது. ஸாக்கெட்டத் தொலைச்சதாவது பரவாயில்ல, வாத்தியார் மேலயே போடுற பாரு. பொய் சொல்றவ கையெழுத்துப் போட்ட பிளேன்ல யாரு ஏறுவா?"

அந்த வாக்கியத்தை நான் இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவேன்.

மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். வேலைக்குப் போட்ட நீலச் சட்டையோடு, முழங்கையில் கிரீஸோடு, கோபுரத்தில் இருந்து இறங்கி நேராக வந்தார். அலுவலக வராந்தாவில் நாற்காலிகள் இருந்தன. உட்காரலாம் என்று யாரும் சொல்லாததால் அப்பா உட்காரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பயிற்றுநர் இருந்தார். போனில் பேசினார். டீ குடித்தார். யாரோ வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அப்பா ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போனதை நான் முழுதாகப் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டபோதும் நின்றுகொண்டேதான் பேச்சு. ஆறு மாதம் பட்டறைக்குள் வரக் கூடாது. காரணம் இரண்டு: கருவியைத் தொலைத்தது, பயிற்றுநர் மேல் பொய்க் குற்றம் சொன்னது. கடைசியில் அப்பாவைப் பார்த்து, "கம்பத்துல ஏறுற வேலை பாக்குற குடும்பத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படிப்பு? வேற எதுலயாவது சேர்த்துவிடுங்க" என்றார்.

அப்பா, "சரி சார்" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். தோவாளையில் பூக்கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். அப்பா ஒருத்திக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு மீதி வழியும் நின்றே வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒருமுறை கேட்டார்.

"நீ எடுத்தியா மக்கா?"

"இல்லப்பா."

"சரி."

அதன் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் அழுது ஆற்றியிருப்பேனோ என்னவோ.

அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தேன். என்னோடு படித்தவர்கள், விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கர்களுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். பெரிய விமானங்களின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பினார்கள். தரையைப் பார்த்த இரண்டு பேரும் அனுப்பினார்கள். நான் இறக்கையின் அமைப்பைப் படித்தேன், ஹைட்ராலிக்ஸ் படித்தேன், விதிமுறைகளைப் படித்தேன். மற்றவர்களுக்கு விதிமுறைப் பாடம் என்றால் தூக்கம் வரும். எனக்கு அதுதான் இனித்தது. கருவிகளை எப்படி எண்ண வேண்டும், பதிவேட்டில் யார் எழுத வேண்டும், பயிற்றுநர் எந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு என்று ஒவ்வொரு வரியையும், அவரை மடக்கப் போகும் வக்கீல் மாதிரி வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், பழி வாங்குவதைக் கர்த்தரிடம் விட்டுவிட வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். கர்த்தருக்கு வேலை நிறைய இருக்கும், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

லைசென்ஸ் பேப்பர்களை ஒவ்வொன்றாகப் பாஸ் செய்தேன். ஒவ்வொரு ரிசல்ட் வரும்போதும் முதலில் நினைவுக்கு வந்தது அப்பா முகம் இல்லை, அந்த மனிதரின் முகம். செட்டைவிட ஒரு வருடம் பிந்தி வெளியே வந்தேன். பெங்களூரில் ஒரு ஹேங்கரில் சேர்ந்தேன். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை பார்த்தேன், கை சிராய்க்க லாக் ஒயர் கட்டினேன். போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாமல் ஒன்றோடு ஒன்று சேர்த்து முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி அது. முறுக்கு ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுவேன். "இவளுக்கு என்ன வெறி" என்பார்கள். லைசென்ஸ் வந்தது. ஒரு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை வந்தது. சில வருடங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

எங்கள் கம்பெனி வெளி நிறுவனங்களின் மாணவர்களை ஹேங்கர் பயிற்சிக்கு எடுக்கும். அப்படி எடுப்பதற்கு முன்னால் அந்த நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பித் தணிக்கை செய்வார்கள். அந்த வருடப் பட்டியலில் என் பழைய நிறுவனத்தின் பெயர் இருந்தது. என் மேலதிகாரி, "நீ படிச்ச இடமாச்சே, உனக்குச் சங்கடமா இருந்தா வேற ஆளை அனுப்பறேன்" என்றார். "சொந்த ஊர் சார். நானே போறேன்" என்றேன். ஆறு மாதத் தண்டனை விஷயத்தை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் இப்போது நிறுவனத்தின் முதல்வர். தலைக்குச் சாயம், அதே மடிப்புக் கலையாத சட்டை. வாசலுக்கே வந்து, "வாங்க மேடம்" என்று கும்பிட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தேன், முடியை வெட்டியிருந்தேன். ஒன்பது வருடம் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த முகம் அவருடையது. அவர் என்னை ஒருநாள்கூட நினைத்ததில்லை என்பது அந்தக் கும்பிடிலேயே தெரிந்துவிட்டது. அதில் எனக்குக் கோபம் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

காலை முழுவதும் பார்த்தேன். எத்தனை இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மழைக்கு நிறுவனம் பூட்டிக் கிடந்த இரண்டு நாட்களில் மாணவர்கள் பட்டறையில் வேலை செய்ததாக அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் குறித்துக்கொண்டே போனேன். அவர் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

பிறகு, என் காலத்துக் கருவிப் பதிவேட்டைக் கேட்டேன்.

"அது ரொம்பப் பழசு மேடம். எதுக்கு?"

"காட்டுங்க."

ஸ்டோர்காரர் தூசி தட்டி எடுத்து வந்தார். அந்தத் தேதியில் என் நம்பரும் 'தொலைந்தது' என்ற சொல்லும் இருந்தன. அதைப் பார்க்கத்தான் கேட்டேன். ஆனால் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனபோது, அந்தத் தேதியில் இருந்து மூன்றாம் மாதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. பத்து மில்லிமீட்டர் ஸாக்கெட், இடது இருக்கையைக் கழற்றியபோது அடியில் கிடைத்தது. கீழே அவருடைய கையெழுத்து.

தேதியை மறுபடி வாசித்தேன். மூன்றாம் மாதம். நான் மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தண்டனையில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

"இந்தப் பதினேழாம் நம்பர் பிள்ளைகிட்ட இது கிடைச்ச விஷயத்தச் சொன்னீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். "யாரு... ஆமா, ஒரு காத்தாடிக்காரன் பொண்ணு. சொன்னதா ஞாபகம் இல்ல மேடம். அப்ப மேனேஜ்மென்ட்ல கேள்வி வரும்னு..."

"நான்தான் சார் அது."

ஸ்டோர்காரர் மெதுவாக வெளியே போய்விட்டார். இவர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தார். "இப்ப என்ன பண்ணப் போற?" என்றார். உடனே, "போறீங்க?" என்று திருத்தினார்.

"எங்க அப்பா வீட்டுல இருக்காவ. நாளைக்குக் காலையில வந்து, நடந்தது என்னன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"வந்து சொன்னா... ரிப்போர்ட்டுல..."

நான் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் மௌனத்தை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

எங்கள் தணிக்கைப் படிவத்தில் இரண்டு வழி உண்டு. முப்பது நாளில் சரி செய்யச் சொல்லலாம். அல்லது அங்கிருந்து மாணவர்களை எடுப்பதை உடனே நிறுத்தச் சொல்லலாம். நான் எழுதிய குறைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் வேறு யார் போயிருந்தாலும் முப்பது நாள் கொடுத்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் 'உடனே நிறுத்துக' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலையில் ஒன்பது மணிக்கு, அம்மா சுட்ட தோசை தட்டில் இருக்க, அறிக்கையை அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடிக் காற்று என்றால் ஆளைத் தள்ளும், மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய், "அப்பா, அந்த சார் வந்திருக்காவ" என்றேன். விஷயத்தை முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நான் குளிக்கப் போறேன். நிக்கச் சொல்லு."

அப்பா காலையிலேயே குளித்துவிட்டார்.

நாற்பது நிமிடம் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே அவர் கண்ணில் மண் விழுந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். மடிப்பெல்லாம் கலைந்து சட்டை பாய்மரம் மாதிரி உப்பியிருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். குளியலறைக்குள் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏட்டி, நாற்காலி போடாத!"

அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். என்னைவிடவும் ஆழமாக அவர் இதை வைத்திருந்திருக்கிறார்.

ஈரத் தலையோடு வந்து, கேட்டைத் திறக்காமல், இந்தப் பக்கம் நின்று, "சொல்லுங்க" என்றார்.

"உங்க பொண்ணு மேல தப்பு இல்லைங்க. ஸாக்கெட்ட எடுத்தது நான்தான். அப்ப எனக்கு ஞாபகம் இல்ல."

"பொறவு ஞாபகம் வந்துதா?"

"பிறகு... கிடைச்சுது."

"எப்ப?"

"மூணாம் மாசம்."

"ஆறு மாசம்லா எம்பிள்ள வீட்டுல இருந்தா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கணும்."

அப்பா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "சரி. போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், அந்த ரிப்போர்ட்..."

"அனுப்பியாச்சு சார். ஒன்பது மணிக்கே."

அவர் முகத்தில் வந்ததை நான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. மத்தியானம் இரண்டு தட்டு மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அம்மாதான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நெஞ்சு. கருங்கல்லு" என்றாள்.

அடுத்த மாதம் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கம்பெனி அங்கிருந்து மாணவர்களை எடுப்பதை நிறுத்தியது. அந்த வருடம் வர வேண்டியவர்கள் இருபத்தாறு பேர். புதுப் பயிற்றுநர் வந்து, எல்லாவற்றையும் சரி செய்து, மறு தணிக்கை முடிய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

அவர்களில் ஒரு பெண் எனக்கு மெயில் எழுதினாள். மணவாளக்குறிச்சிக்காரி. அவள் அப்பா மணல் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர். என் கதை அதற்குள் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை என்று எனக்குத் தெரியும். முப்பது நாள் கொடுத்திருக்கலாம் என்பதும் தெரியும். அவரை அடிக்க எங்களைத் தூக்கி எறிந்தீர்கள்' என்று எழுதியிருந்தாள்.

நான்கு நாள் பதில் எழுதவில்லை. பிறகு, பாதுகாப்பில் சமரசம் கிடையாது என்று மூன்று வரி எழுதினேன். எழுதும்போதே அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அனுப்பினேன். அவருக்காக நான் ஒரு நிமிடமும் வருந்தியதில்லை. அந்த இருபத்தாறு பேர் விஷயம் வேறு. அதை நினைத்தால் அன்றைக்குச் சாப்பிட்ட குழம்பு இப்போது நெஞ்சில் கரிக்கும்.

அவள் எட்டு மாதம் கழித்து எங்கள் ஹேங்கருக்கே வந்தாள். நேர்முகத் தேர்வில் என் இடத்தில் வேறு ஒருவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் விலகிக்கொண்டேன். தேர்வாகிவிட்டாள். இப்போது பகல் ஷிஃப்டில் இருக்கிறாள். என்னை எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்வாள். சிரிக்க மாட்டாள்.

போன வாரம் ஒரு இன்ஜினில் அவள் முடித்த வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. டார்ச் அடித்து லாக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"குறை ஏதாவது இருக்கா மேடம்?"

"இல்ல."

"அப்போ சைன் பண்ணுங்க."

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை என் கையில் இருந்து எடுத்து, பேனா மை காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துவிட்டு, அடுத்த இன்ஜினைப் பார்த்து நடந்தாள்.